ஐந்நூறு மைலுக்கு அப்பால் போகாத கடிதம்

தபால் இலாகாவில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் முறையை ஒரு நாள் அடியோடு மாற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது நமக்கு எப்படித் தெரியும்? பத்திரிகையில் அறிவித்தால் தெரியலாம். ஆனால் அதற்கு முன்பே தெரிந்துகொள்கிறவர்கள் சிலர் உண்டு. வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, "இப்பொழுதெல்லாம் தபால்காரன் பதினொன்றரைக்கு முன்னால் வருவதில்லையே, என்ன சமாசாரம்?" என்பாள். சந்தா கட்டிப் பத்திரிகை வரவழைக்கிறவர், "வெள்ளிக்கிழமை வரவேண்டியது திங்கட்கிழமை வருகிறது" என்பார். இலாகாவின் உள்ளே நடந்தது இன்னதென்று இவர்களுக்குத் தெரியாது. ஆயினும், ஏதோ நடந்திருக்கிறது என்பதை இவர்களைப்போல் நிச்சயமாகச் சொல்லக்கூடியவர்கள் இலாகாவுக்குள்ளேயே இருக்கமாட்டார்கள்.

இந்த வாரம் நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் மின்னஞ்சல். காகிதமும் தபால் தலையும் இல்லாத இந்தக் கடிதங்களை வாங்கி, வழி பார்த்து, உரிய இடத்துக்கு அனுப்பிவைக்கும் யந்திரத்துக்குச் 'சர்வர்' என்று பெயர். பெயரைக் கேட்டதும் தோளில் துண்டுடன் நிற்கும் ஹோட்டல் சர்வருடைய ஞாபகம் வந்தால் நேயர்கள் வெட்கப்பட வேண்டாம். இருவருக்கும் உத்தியோகம் ஒன்றுதான்: ஓரிடத்தில் வாங்கியதை மற்றோரிடத்தில் கொண்டுபோய் வைக்கவேண்டும், நடுவில் சிந்தக்கூடாது. அந்த யந்திரத்துக்குள்ளே இருந்துகொண்டு வேலை வாங்குவது 'ஸாப்ட்வேர்'. யந்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஸாப்ட்வேரை மாத்திரம் மாற்றலாம். அல்லது இரண்டையும் கைவிட்டு, வேறொரு கம்பெனியிடம் கடிதங்களை ஒப்படைத்துவிடலாம். எதைச் செய்தாலும் மாற்றுகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லும் வாசகம் ஒன்றே: "உபயோகிப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது." இந்த வாசகம் எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்போம்.

ஒரு சர்வர் மற்றொரு சர்வரிடம் கடிதத்தை ஒப்படைக்கும் விதிகளை 1982-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்க நிபுணர் எழுதி வெளியிட்டார். பிற்காலத்தில் திருத்தங்கள் பல வந்திருந்தாலும் அதன் எலும்புக் கூடு இன்றும் அதுவேதான். கடிதம் கொண்டுவருகிற சர்வர், "இன்னாரிடமிருந்து, இன்னாருக்கு" என்று முதலில் தெரிவிக்கும். பிறகு கடிதத்தை வரி வரியாக ஒப்புவிக்கும். முடிந்ததற்கு அடையாளமாகத் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைக்கும். வாங்கிக்கொள்கிற சர்வர் அதற்குப் பதிலாக '250' என்ற எண்ணைச் சொன்னால் அதுதான் ரசீது. அந்த க்ஷணத்திலிருந்து கடிதம் அதனுடைய பொறுப்பு. உரியவரிடம் சேர்க்கவேண்டும், முடியாவிட்டால் அனுப்பியவருக்கு இன்ன காரணத்தினால் சேர்க்க இயலவில்லை என்று தகவல் தரவேண்டும். அடுத்த சர்வர் கதவைத் திறக்காவிட்டால், நாலைந்து நாள் வரையில் திரும்பத் திரும்பப் போய்த் தட்டிப் பார்ப்பது மரியாதை. ஈட்டியும் சலங்கையுமாகக் காட்டு வழியில் ஓடிய பழைய அஞ்சல் ஓட்டக்காரர்களின் தர்மமும் இதுதானே?

இவ்வளவு ஒழுங்காக நடக்கும் காரியத்தில் ஸாப்ட்வேரை ஏன் மாற்றவேண்டும் என்று கேட்கலாம். கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையில் எரிக் ஆல்மன் என்பவர் எழுதிய 'ஸெண்ட்மெயில்' என்ற ஸாப்ட்வேர் 1983-ம் வருஷம் முதல் பரவி, வெகு காலம் இன்டர்நெட்டின் கடிதங்களில் பெரும் பகுதியைச் சுமந்து வந்தது. 1988-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஒரு மாணவர் அவிழ்த்துவிட்ட 'புழு' ஒன்று ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து அமளி செய்தது. அதற்குத் திறந்து கிடந்த வாசல்களில் ஒன்று ஸெண்ட்மெயிலில் இருந்தது. பிறகு, கேம்பிரிட்ஜில் பிலிப் ஹேஸல் 1995-ல் 'எக்ஸிம்' என்பதை எழுதினார்; ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சி சாலையில் வீட்ஸ வெனிமா 1998-ல் 'போஸ்ட்பிக்ஸ்' என்பதை வெளியிட்டார். பத்திரத்துக்காகவும், வேகத்துக்காகவும், சிக்கனத்துக்காகவும் ஸ்தாபனங்கள் ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவுவது அன்றுமுதல் வழக்கமாகிவிட்டது. தாவுகிறவர்களுக்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. எனக்கு அதில் ஆக்ஷேபம் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஒரு கோடை விடுமுறையில் இந்தத் தாவல் நடந்தது. ஜூன் மாதத்தில் கதவு திறந்த அன்று காலை தலைமை ஆசிரியர் கம்ப்யூட்டரின் முன்னால் திகைத்து உட்கார்ந்திருந்தார். நாலாயிரத்துச் சொச்சம் புதுக் கடிதங்கள் வந்திருந்தன. எல்லாம் அவர் ஏற்கெனவே படித்துப் பதில் எழுதி மறந்துபோன கடிதங்கள்! ஆறு வருஷத்துக்கு முன் இறந்துபோன ஒரு நண்பரின் பொங்கல் வாழ்த்தும் அவற்றில் ஒன்று. மனிதர் அன்று பிற்பகல் வரையில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

இதற்குக் காரணம் மிக அற்பமானது. சர்வர் தன்னிடமுள்ள ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் அடையாள எண் கட்டிவைக்கிறது. மேஜையிலுள்ள கம்ப்யூட்டர், "இன்ன இன்ன எண்களை வாங்கியாயிற்று" என்று ஒரு ஜாபிதா வைத்துக்கொண்டிருக்கிறது. சர்வர் மாறியதும் எண்களெல்லாம் புதிதாகிவிடுகின்றன. ஜாபிதாவில் இல்லாத எண்ணைக் கண்டால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? புதுக் கடிதம் என்று எண்ணி மறுபடியும் வாரிக்கொண்டு வருகிறது. வண்ணானை மாற்றினால் துணிக்குத் துணி குறி மாறிப்போகிற மாதிரிதான்.

தமிழாசிரியருக்கு வேறு விதமான சங்கடம். அவருடைய பழைய கடிதங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தேதி விழுந்திருந்தது. சர்வரை மாற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதி. கடிதத்துக்குள்ளே எழுதிய தேதி ஒன்று உண்டு. பெட்டிக்கு வந்து சேர்ந்த தேதி வேறொன்று உண்டு. பெயர்த்து வைத்தவர்கள் இரண்டாவதைக் காப்பாற்றவில்லை. வரிசைப்படுத்துவது இரண்டாவதை வைத்துத்தான். அனுப்பிய கடிதங்களை வைக்கும் பெட்டி, பூகோள ஆசிரியருக்கு இரண்டாகக் காட்சி தந்தது. பழைய சர்வர் அதற்கு இட்ட பெயர் ஒன்று, புதுச் சர்வர் இட்ட பெயர் ஒன்று. பாதி இதிலும் பாதி அதிலுமாகக் கிடந்தன. ஆபீஸ் குமாஸ்தாவோ, பக்கத்து மேஜையிலிருக்கும் தம் சகாவுக்கே கடிதம் போகவில்லை என்று முறையிட்டார். முதல் எழுத்தை அடித்ததும் முழு விலாசமும் தானாக வந்து நிற்கிறதே, அந்த வசதியில் ஒளிந்திருந்த விலாசம் பழைய சர்வரின் சொந்த ரகசியப் பாஷையில் எழுதப்பட்டது. புதுச் சர்வருக்கு அந்தப் பாஷை தெரியாது. கண்ணுக்குத் தெரிந்த பெயர் சரியாகவே இருந்ததால் குமாஸ்தாவுக்கு மாத்திரம் அல்ல, யாருக்குமே காரணம் விளங்கவில்லை.

சித்திர ஆசிரியரின் புகார் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. "பத்து மெகாபைட் வரையில் அனுப்பலாம் என்று சொல்லிவிட்டு, எட்டு மெகாபைட் படத்தைத் திருப்பி அனுப்புகிறதே, இது என்ன கணக்கு?" என்று கேட்டார். கணக்கு சரிதான். கடிதப் போக்குவரத்து, எழுத்துக்களைச் சுமப்பதற்காக ஏற்பட்டது. படத்தை அனுப்பவேண்டுமானால் அதை எழுத்துக்களாக மாற்றிக் கட்ட வேண்டும். கட்டும்போது எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. எட்டு மெகாபைட் படம் பத்தரைக்கு மேல் ஆகிவிடும். பழைய சர்வர் பெரிய மூட்டையையும் அனுமதித்தபடியால் அவருக்கு இந்தக் கட்டுமானக் கூலி தெரியாமலே இருந்தது.

இந்தப் புகார்களையெல்லாம் கேட்பதற்குப் பட்டணத்திலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். கெட்டிக்காரர், சந்தேகம் இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் அவர் சொன்ன பதில், "ஒன்றும் மாறவில்லை, ஸார். பழகினால் சரியாய்ப் போய்விடும்" என்பதுதான். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த இடத்தில் எல்லாக் கடிதங்களும் பத்திரமாகவே இருந்தன. எண்ணிக்கையும் சரியாக இருந்தது. என்றாலும், எட்டுப் பேர் எட்டு விதமாகச் சொன்னதை ஒரு காகிதத்தில் அப்படியே குறித்துக்கொண்டிருந்தாரானால், ஒரு மணி நேரத்தில் பாதி விஷயம் அவருக்கு விளங்கியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். உபயோகிக்கிறவனுக்கு ஸாப்ட்வேர் தெரியாது, வாஸ்தவம். தன் பெட்டி அவனுக்குத் தெரியும் அல்லவா?

அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தை இந்த இடத்தில் சொல்லவேண்டும். கம்ப்யூட்டர் உலகத்தில் மிகவும் பிரசித்தி பெற்றது இது. 1990-களின் நடுவில், அந்நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு சர்வகலாசாலையில் மின்னஞ்சலைப் பராமரித்து வந்தவர், 2002-ம் வருஷத்தில் இதைத் தாமே எழுதி வெளியிட்டார். சுவைக்காகச் சில சில்லறை விவரங்களை மாற்றியிருப்பதாகவும் அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். ஆகையால் நேயர்கள் அதற்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் அவருக்குப் புள்ளிவிவர சாஸ்திரப் பகுதியின் தலைவரிடமிருந்து டெலிபோன் வந்தது. தங்கள் பகுதியிலிருந்து ஐந்நூறு மைலுக்கு அப்பால் கடிதம் போவதில்லை என்று தலைவர் தெரிவித்தார். ஐந்நூறுக்குச் சற்று அதிகம், ஐந்நூற்றிருபது என்று வைத்துக்கொள்ளலாம் என்றும் திருத்திச் சொன்னார். பராமரிப்பவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மின்னஞ்சலுக்குத் தூரம் ஏது? எதிர் வீட்டுக்குப் போகும் கடிதமும் டோக்கியோவுக்குப் போகும் கடிதமும் அதற்கு ஒன்றே. இது எப்போது ஆரம்பித்தது, உடனே ஏன் சொல்லவில்லை என்று விசாரித்தார். சில நாட்களாகவே இருக்கிறதென்றும், போதுமான விவரங்கள் சேருகிற வரையில் காத்திருந்ததாகவும் பதில் வந்தது. புள்ளிவிவர சாஸ்திரிகள் அல்லவா! அவர்களில் ஒருவர் தேசப் படத்தில் எல்லைகூட வரைந்து வைத்திருந்தார். எல்லைக்குள்ளேயும் சில ஊர்களுக்குக் கடிதம் போவதில்லை. ஆனால் எல்லைக்கு வெளியே ஓர் ஊருக்கும் போவதில்லை.

பராமரிப்பவர் தாமே பரீட்சை செய்து பார்த்தார். நானூறு மைல் தூரத்திலுள்ள பிரின்ஸ்டனுக்குப் போயிற்று. அறுநூறு மைல் தூரத்திலுள்ள மெம்பிஸுக்குப் போகவில்லை. 420 மைலில் இருக்கும் நியூயார்க்குக்குப் போயிற்று. 580 மைலில் இருக்கும் பிராவிடன்ஸுக்குப் போகவில்லை. தமக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்திலேயே வசிக்கும் ஒரு சிநேகிதருக்கு அனுப்பிப் பார்த்தார். அவருடைய தபால் பெட்டி இருந்ததோ வெகு தூரத்திலுள்ள ஸியாட்டில் நகரத்தில், கடிதம் போகவில்லை. ஆகவே ஆள் இருக்கும் தூரம் கணக்கில்லை, சர்வர் இருக்கும் தூரமே கணக்கு!

சர்வரை யாராவது தொட்டார்களா என்று கேட்டதில், சில நாட்களுக்கு முன் ஒரு நிபுணர் வந்து அதைப் புதுப்பித்துவிட்டுப் போனதாகவும், மின்னஞ்சலைத் தாம் தொடவேயில்லை என்று அவர் உறுதி சொன்னதாகவும் தெரிந்தது. நமக்குக் கேட்டுப் பழக்கமான பதில்தான். அவர் மின்னஞ்சலைத் தொடவில்லை. ஆனால் யந்திரத்தின் அடிப்படை ஸாப்ட்வேரைப் புதியதாக்கினார். அந்தப் புதியதோடு சேர்ந்து வந்த ஸெண்ட்மெயிலோ பழையது! எட்டாம் பதிப்பு இருந்த இடத்தில் ஐந்தாம் பதிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. எட்டாம் பதிப்புக்கு எழுதிய கட்டளைச் சுவடி மாத்திரம் அப்படியே இருந்தது. ஐந்தாம் பதிப்பு அதைப் படித்தது. தனக்கு விளங்காத வரிகளைத் தள்ளிவிட்டது. தள்ளிய வரிகளில் ஒன்று, தூரத்துச் சர்வர் பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பது. கட்டளை இல்லாததால் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகிவிட்டது.

பூஜ்யம் என்றாலும் யந்திரத்துக்கு அந்த முடிவுக்கு வரவே ஒரு கால அளவு வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் அது ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்குக்குச் சற்று அதிகம். அதற்குள் பதில் வந்தால் கடிதம் போகும், வராவிட்டால் போகாது. ஒளி ஒரு விநாடியில் செல்வது சுமார் 1,86,000 மைல். ஆயிரத்தில் மூன்று பங்கு விநாடியில் எத்தனை மைல்? பெருக்கிப் பார்த்தால் 558 வருகிறது!

என் வகுப்பில் இதைச் சொன்னால், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஸார், பதில் திரும்பி வரவேண்டுமே! அப்படியானால் பாதித் தூரந்தானே? கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகமும் குறைவு அல்லவா?" என்று கேட்பான். கேட்கத்தான் வேண்டும். கணக்கு அவ்வளவு சுத்தமாகப் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் என் நோக்கம் கணக்கில் இல்லை. ஸெண்ட்மெயிலில் ஐந்து என்ன, எட்டு என்ன என்று அறியாத ஒரு புள்ளிவிவரப் பேராசிரியர், கண்ணால் கண்டதைக் கண்டபடியே சொன்னார். அது நடக்கக்கூடியதே அல்ல என்று எல்லா நிபுணர்களும் சத்தியம் செய்திருப்பார்கள். ஆனால் நடந்துகொண்டிருந்தது! கேட்டவர் சிரித்துவிட்டு டெலிபோனைக் கீழே வைத்திருந்தால், ஐந்தாம் பதிப்பு இன்னும் எத்தனை நாள் அங்கே உட்கார்ந்திருக்குமோ?

தமிழில் மின்னஞ்சல் எழுதியவர்களும் இந்த மாதிரி அநுபவம் பெற்றவர்களே. ஆதியில் இந்தக் கடிதப் போக்குவரத்து இங்கிலீஷ் எழுத்துக்களை மனத்தில் கொண்டு, ஓர் எழுத்துக்கு ஏழு 'பிட்' போதுமென்று ஏற்பட்டது. 1990-களில் தமிழ் அன்பர்கள் 'திஸ்கி' என்ற எழுத்து முறையை வகுத்தபோது, தமிழ் எழுத்துக்களை எட்டாவது பிட் உள்ள மேல் மாடியில் குடிவைத்தார்கள். வழியிலே ஒரு பழைய சர்வர் எட்டாவது பிட்டை வெட்டிவிட்டால், மேல் மாடியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தொப்பென்று கீழ் மாடியில் வந்து விழுவார்கள். அம்மாவுக்கு எழுதிய நலம் விசாரிக்கும் கடிதம் ஆச்சரியக் குறியும் இங்கிலீஷ் அட்சரமுமாக, மாந்திரீகச் சக்கரம்போல் வந்து நிற்கும். மறுமுனையில் சர்வரைப் புதுப்பித்த அன்றைக்கு அதே கடிதம் அழகான தமிழாக வரும். அங்கே என்ன மாறிற்று என்று இவர்களுக்கு யாரும் எழுதித் தெரிவிக்கவில்லை. எழுத்துக்களே சொல்லிவிட்டன.

இங்கிலீஷ்காரர்களையும் இது சும்மா விடவில்லை. பழைய சர்வர்கள் சிலவற்றில் ஒருவருடைய எல்லாக் கடிதங்களும் ஒரே நீளச் சுருளில் அடுத்தடுத்து எழுதப்பட்டன. 'பிரம்' என்ற இங்கிலீஷ் வார்த்தையோடு ஒரு வரி தொடங்கினால் அங்கே புதுக் கடிதம் ஆரம்பம் என்று பொருள். பாவம், யாராவது தம் கடிதத்தின் நடுவில் அந்த வார்த்தையால் ஒரு வரியை ஆரம்பித்துவிட்டால்? குழப்பம் நேராதபடி சர்வர் தானே அதன் முன்னால் ஓர் அம்புக் குறியைச் செருகிவிடும். எழுதியவர் வைக்காத குறி, படிக்கிறவர் கண்ணில் படும். ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு என்று வைக்கும் புது முறை வந்த இடங்களில் அந்தக் குறி மறைந்தது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த மாறுதல்கள். கண்ணுக்குத் தெரியாமல் நடந்த மாறுதலும் உண்டு. நம் தேசத்திலேயே சமீபத்தில் மிகப் பெரிய அளவில் நடந்தது. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் சுமார் 12 லட்சம் பேருடைய மின்னஞ்சல், சென்னையைத் தலைமை இடமாகக் கொண்ட 'ஜோஹோ' கம்பெனியின் ஏற்பாட்டுக்கு மாற்றப்பட்டதாக 2025-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் செய்தி வெளியாயிற்று. விலாசங்கள் பழையபடியே இருக்கின்றன. எழுதுகிற பிரஜைக்கு உள்ளே வீடு மாறியது தெரியவேண்டிய அவசியமே இல்லை. தமிழ் நாட்டுக் கம்பெனி என்பதில் நாம் பெருமைப்படுவது நியாயமே. ஆனால் கடிதம் போய்ச் சேருகிற விஷயத்தில் சுதேசி, விதேசி என்ற பேதம் கிடையாது. எந்தத் தேசத்து ஸாப்ட்வேரானாலும் '250' என்று சொல்லிவிட்டால் பொறுப்பு அதனுடையது.

இனி நான் சொல்லப் போவது விளையாட்டு விஷயம் அல்ல.

புகார் வருகிறவரையில் பயமில்லை. யாரும் புகார் சொல்லாத நஷ்டம் ஒன்று உண்டு. வராத கடிதத்தை யார் கவனிப்பார்கள்? எதிர்பார்த்திருந்தால் கவனிக்கலாம், எதிர்பாராத கடிதம் வராமற் போனால் அது எழுதப்பட்டது என்பதே தெரியாது. சர்வர் மாறும் சமயத்தில் இதற்கு வழிகள் பல. புதுச் சர்வரிலிருந்து புறப்படும் கடிதங்களை வெளியூர்ச் சர்வர்கள், ஊருக்குப் புதிதாய் வந்த ஆசாமியைப் பார்ப்பதுபோல் சந்தேகத்துடன் பார்த்துக் குப்பைப் பெட்டியில் போடும். முன்பின் அறியாத சர்வரை, "இப்போது முடியாது, சற்றுப் பொறுத்து வா" என்று ஒரு முறை வேண்டுமென்றே திருப்பி அனுப்பும் வழக்கமும் 2003 முதல் பரவியிருக்கிறது. குப்பைக் கடிதம் அனுப்புகிறவன் திரும்பி வரமாட்டான், யோக்கியன் வருவான் என்பது அதன் தத்துவம். யோக்கியனுடைய கடிதமும் இதனால் தாமதமாகும். பெயர்ப் பலகையை மாற்றிய பிறகும், பழைய விலாசத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் சர்வர்கள் கொஞ்ச காலம் பழைய வீட்டு வாசலிலேயே கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகும்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி. தகப்பனார் தறி நெய்கிறவர். மேற்படிப்புக்கு ஒரு கல்வி ஸ்தாபனத்தின் உபகாரச் சம்பளத்துக்கு மனுச் செய்திருந்தாள். ஸ்தாபனத்தின் இணைய பக்கத்தில் உள்ள படிவத்தை நிரப்பினாள். "தங்கள் மனு கிடைத்தது, வந்தனம்" என்று திரையில் பதில் தோன்றியது. கெடு முடிந்து மூன்று வாரம் ஆகியும் ஒரு தகவலும் இல்லை. தேர்வு பெறவில்லை போலிருக்கிறது என்று அவள் சும்மா இருந்துவிட்டாள். கேட்கக் கூச்சப்படுகிற குடும்பம். நான்தான் கடைசியில் நேரில் போய் விசாரித்தேன். அந்தப் பெயரில் மனுவே வரவில்லை என்றார்கள். இவள் மனு மாத்திரமா? இணைய பக்கத்தின் வழியாக அந்த மாதம் ஒரு மனுவும் வரவில்லை! "இந்த வருஷம் மனுக்கள் குறைவு" என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். தபாலிலும் நேரிலும் வந்தவற்றைக் கொண்டு தேர்வும் நடந்து முடிந்திருந்தது.

நடந்தது இதுதான். அந்த ஸ்தாபனத்தின் இணைய பக்கமும் மின்னஞ்சலும் வெகு காலமாக ஒரே யந்திரத்தில் இருந்தன. மின்னஞ்சலை மட்டும் வேறொரு கம்பெனியின் புதுச் சர்வருக்குப் பெயர்த்தார்கள். வெளியூர்க் கடிதங்கள் எல்லாம் ஒழுங்காகப் புது இடத்துக்கு வந்தன. ஆனால், "கடிதங்களுக்கு நீ இனிப் பொறுப்பில்லை" என்று பழைய யந்திரத்துக்கு யாரும் சொல்லவில்லை. படிவத்தை நிரப்பினால் இணைய பக்கம் அதை ஒரு கடிதமாக்கி ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பும். பழைய யந்திரம் விலாசத்தைப் பார்க்கும், "இது நம் வீட்டுக் கடிதம் ஆயிற்றே, வெளியே போவானேன்?" என்று தன்னிடமிருந்த பழைய பெட்டியிலேயே போட்டுக்கொள்ளும். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க அப்போது ஒருவரும் இல்லை. எங்கும் பிழைச் செய்தி கிடையாது. திரும்பி வந்த கடிதம் கிடையாது. ஒவ்வொரு மனுவுக்கும் '250' என்ற ரசீது முறைப்படி வழங்கப்பட்டிருந்தது. பெயர்த்தவர்களைக் கேட்டபோது, "ஒரு புகாரும் வரவில்லையே!" என்றார்கள். எப்படி வரும்?

பழைய பெட்டியைத் திறந்தபோது முப்பத்தேழு மனுக்கள் இருந்தன. அந்தப் பெண்ணுடையது பதினொன்றாவது; தேதியும் மணியும் நிமிஷமும் கொஞ்சமும் அழியாமல் இருந்தன. ஸ்தாபனத்தின் காரியதரிசி நல்ல மனுஷர். முப்பத்தேழு பேருக்கும் தம் கைப்படக் கடிதம் எழுதினார். மறுபடியும் தேர்வுக் கமிட்டியைக் கூட்ட ஏற்பாடு செய்தார். அதற்குள் ஆறு பேர் வேறு இடங்களில் சேர்ந்துவிட்டார்கள். மூன்று பேர் படிப்பையே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டதாகப் பதில் வந்தது. நம் பெண் இரண்டாவது தேர்வில் வந்தாள். அவள் தகப்பனார் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிற்றே, ஐயா, அது யார் சொன்னது?"